புரட்டாசிச் சனிக்கிழமைக் கைகள்

சேஷாசலத்துக்கு அம்மா எழுதுவது. இங்கு யாவரும் சுகம், உன் சுகத்துக்கு எழுது என்று கடிதத்தைத் தொடங்குவதுதான் ஊர் வழக்கம். நீ கூடத்தில் உட்கார்ந்து டிரங்குப் பெட்டியின் மூடியில் உன் பெயரைப் பெயிண்டால் எழுதிக்கொண்டிருக்கிறாய், மேலே தமிழில், கீழே தெலுங்கில். நான் அடுப்பங்கரையில் அம்மிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். உன் சுகம் எனக்குக் கண்ணில் தெரிகிறது. என் சுகத்தைத்தான் சொல்லியாக வேண்டும். எனக்குப் பயமாக இருக்கிறது. எழுந்து வந்து உன் தோளைத் தொட்டு, நெஞ்சில் கையை வைத்து நடுக்கிக் காட்டினால் அம்மா பயப்படுகிறாள் என்று உனக்குப் புரிந்துவிடும். என்ன பயம், எந்தப் பயத்துக்குள்ளே எந்தப் பயம் ஒளிந்திருக்கிறது என்று சொல்ல என் கைக்குத் தெரியாது. என் கைப்பேச்சு அடுப்பங்கரை அளவு. அரிசி, உப்பு, தண்ணீர், ஜுரம், தூக்கம், சாமி, வா, போகாதே. நீ சித்தூர் பள்ளிக்கூடத்தில் கற்று வந்த கைப்பேச்சு மழைபோலக் கொட்டுகிறது. நான் அதில் பாதி நனைவதற்குள் நின்றுவிடுகிறது. அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். வீட்டுக் கணக்கு எழுதிப் பழகிய கை இது. வரவும் செலவும் எழுதி முடித்தால் மனம் கொஞ்சம் அடங்கும். பயத்தையும் அப்படி எழுதிப் பார்த்தால் அடங்குமோ என்று பார்க்கிறேன்.

திருப்பதி உயர்நிலைப் பள்ளியில் காது கேளாத பிள்ளைகளுக்கென்று ஒரு வகுப்புத் தொடங்குகிறார்கள், விடுதியில் அந்தப் பிள்ளைகளோடு தங்கி அவர்களுக்கு எழுதவும் படம் வரையவும் சொல்லித்தர உன்னைக் கூப்பிடுகிறார்கள் என்று நீ தாளை நீட்டிய அன்று, நான் மறுத்துத் தலையாட்டினேன். ஏன் என்று கேட்டாய். நெற்றியில் விரலால் நாமம் போட்டுக் காட்டி, உதட்டைத் தொட்டு, வெறுங்கையை விரித்தேன். பெருமாளுக்கு வேண்டிக்கொண்டது பாக்கி இருக்கிறது, நீ இன்னும் வாய் திறந்து பேசவில்லை, பாக்கியை வைத்துக்கொண்டு அவர் மலையடியில் போய்க் குடியிருக்கக் கூடாது என்று அர்த்தம். நீ சண்டை போடவில்லை. சிலேட்டை எடுத்து, 'அம்மா சரி என்று சொன்னால்தான் போவேன்' என்று எழுதினாய். கொஞ்ச நேரம் கழித்து அதைத் துடைத்துவிட்டு இன்னொன்று எழுதினாய். 'அங்கே பிள்ளைகளைக் கொண்டுவந்து விடும் அம்மாக்களும் உன்னைப் போலத்தான் நடுங்குவார்கள். அவர்களுக்குக் காட்ட நீ ஏதாவது எழுதிக் கொடு.' நீ என் சம்மதத்தைக் கேட்கிறாயா, என் பயத்தைக் கேட்கிறாயா என்று அன்றைக்குப் புரியவில்லை. இரண்டையும் சேர்த்து எழுதுகிறேன். யாருக்கு வேண்டுமானாலும் காட்டு.

உனக்கு மூன்று வயதில் வந்த காய்ச்சல் தலைக்கேறி இறங்கியபோது, பிழைத்தாயே என்ற சந்தோஷத்தில் வேறு எதையும் நாங்கள் கவனிக்கவில்லை. கார்வேட்டிநகரத்தில் பெருமாள் புறப்பாட்டுக்கு உன்னைத் தூக்கிக்கொண்டு போனோம். அதிர்வேட்டுப் போட்டார்கள். தரை குலுங்கியது. குழந்தைகள் எல்லாம் வீறிட்டன, உன்னைப் பெற்ற நைனாகூடத் துண்டைக் கீழே போட்டுவிட்டார். நீ என் இடுப்பில் உட்கார்ந்து, கோபுரத்திலிருந்து சிதறிப் பறந்த புறாக்களைக் கையால் காட்டிச் சிரித்தாய். புறாக்கள் ஏன் பறந்தன என்று உனக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்துபோயிற்று.  திருப்பதி மலை இருக்கும் திசையைப் பார்த்து அங்கேயே வேண்டிக்கொண்டேன். என் பிள்ளை பேசினால் அவன் முடியை உனக்குக் கொடுக்கிறேன். அவன் பேசுகிறவரைக்கும் புரட்டாசிச் சனிக்கிழமைகளில் என் பேச்சை உனக்குக் கொடுக்கிறேன், விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கும்வரை வாய் திறக்க மாட்டேன் என்று. உன் நைனாவிடம் சொன்னபோது, "வருசத்துல நாலு நாளு இந்த ஊட்ல சமாதானம். அஞ்சு சனிக்கெழம வர்ற புரட்டாசியா குடு சாமி" என்று மலைப்பக்கம் திரும்பிக் கும்பிட்டார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அன்று ராத்திரி அவரும் சாப்பிடவில்லை.

அந்த முதல் சனிக்கிழமையை நீ மறந்திருக்கலாம். நான் எப்படி மறப்பேன்? அதுவரை வீட்டில் எல்லோரும் உன் முன்னால் உதட்டை ஆட்டிக்கொண்டிருந்தோம். உரக்கச் சொன்னால் உள்ளே போகும் என்று தொண்டை வறளக் கத்திக்கொண்டிருந்தோம். அன்று பெருமாளுக்குப் படைக்கத் தளிகை போட்டுக்கொண்டிருந்தேன். உப்பு எட்டவில்லை. கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்துத் தேய்த்து, தூவுகிற மாதிரி உன் நைனாவுக்குக் காட்டினேன். அவர் புளிப்பானையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். நீ வாசற்படியில் இருந்து பார்த்தாய், எழுந்து போனாய், உப்புச் சாடியை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் வைத்தாய். வைத்துவிட்டு என் விரலையே பார்த்துக்கொண்டு நின்றாய். அம்மாவும் நம்மைப் போலத்தான் என்று நினைத்துவிட்டாய் போலிருக்கிறது. அன்று பொழுது முழுக்க என்னைவிட்டு அகலவில்லை. தண்ணீர் என்றேன், காக்கா என்றேன், சூடு, தொடாதே என்றேன். எல்லாம் கையால். விளக்கு வைத்து நான் வாய் திறந்தபோது உன் முகம் வாடியது. மறுநாள் காலையில் வந்து நெற்றியில் நாமம் கீறி, புருவத்தைத் தூக்கி, இன்றைக்கும் அந்த நாளா என்று கேட்டாய். நான் இல்லை என்று தலையாட்டினேன். அப்புறம் வருஷம் முழுக்க, தை மாசமானாலும் மாசி மாசமானாலும், தினமும் காலையில் வந்து அதே கேள்வியைக் கேட்டாய். உனக்குச் சனிக்கிழமை வேண்டியிருந்தது. உனக்காக மற்ற நாளிலும் கையால் பேசப் பழகினேன்.

நாமம் போட்டுக்கொண்டு, செம்பைக் கையில் வைத்துக்கொண்டு, 'கோவிந்தா, கோவிந்தா' என்று வீடுவீடாக அரிசி கேட்கப் போகும் தெருப் பிள்ளைகளோடு நானும் போவேன் என்று நீ அடம்பிடித்தாயே, அது அடுத்த புரட்டாசி. குரல் இல்லாமல் எப்படிக் கேட்பாய்? இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிச் சேர்த்துக் காட்டிக் கொடுத்தேன். நாமம் கீறிவிட்டு, கையைத் தூக்கு. அதுதான் உன் கோவிந்தா. மற்ற பிள்ளைகள் கத்தினார்கள், நீ கையைத் தூக்கிக்கொண்டு நின்றாய். உன் செம்புதான் முதலில் நிறைந்தது. நான் தெருமுனையில் மறைந்து நின்று பார்த்தேன். எந்த வீட்டு வாசலில் யார் உன்னை ஊமை என்று சொல்லிவிடுவார்களோ என்று ஒவ்வொரு வாசலாக எண்ணிக்கொண்டிருந்தேன்.

சொன்னது வாசலில் இல்லை, வீட்டுக்குள். உன் நைனாவின் அக்கா புத்தூரிலிருந்து வந்திருந்தாள். ஒரு சனிக்கிழமை நாம் இருவரும் வடைக்கு அரைத்துக்கொண்டே கையால் வம்பளந்து சிரித்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்தாள்.

"இன்னாடி விரதம் இது? வாய மூடிக்கினு கையால ஊருக் கதையெல்லாம் பேசிக்கினு கீற. பெருமாளு இன்னா குருடா? கையால பேசினாலும் பேச்சு பேச்சுதான். ஒண்ணு விரதத்த ஒழுங்கா இரு. இல்லன்னா பேசாத விரதம்னு ஊருக்குச் சொல்லாத."

நான் பதில் சொல்ல முடியுமா? விரதம். உன் நைனாதான், "அவ வாயத் தொறந்தா நீ புத்தூருக்கு நடந்தே போவணும்கா, உடு" என்றார். அவள் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. தெய்வத்திடம் ஏமாற்றுக் கணக்குக் காட்டிவிட்டேனோ, அதனால்தான் உன் வாய் திறக்கவில்லையோ என்று பிடித்துக்கொண்டது. அடுத்த சனிக்கிழமை கையையும் சேர்த்து மூடினேன். இரண்டு கையையும் முந்தானைக்குள் சுற்றிக்கொண்டு பூஜையறையில் உட்கார்ந்துவிட்டேன். நீ வந்தாய். நெற்றியில் கீறிக் கேட்டாய். நான் அசையவில்லை. என் முகத்தைத் தூக்கிப் பார்த்தாய். முந்தானைக்குள் கையை விட்டு என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து நிமிர்த்தினாய். நான் திரும்ப மடக்கிக்கொண்டேன். நிமிர்த்தினாய், மடக்கினேன். நீ என்னைவிட்டு நகர்ந்து, நெல் குதிருக்கும் சுவருக்கும் நடுவில் போய் ஒடுங்கிக்கொண்டாய். செத்தவர்களைப் பார்க்கிற பார்வை அது, சேஷு. உன்னோடு பேசுகிற ஒரே ஆள் ஊமையாகிவிட்டாள் என்று நினைத்திருப்பாய். அடுத்த நாள் காலையில் நீ நாமம் கீறிக் கேட்கவில்லை. அதற்கடுத்த நாளும் கேட்கவில்லை. பெருமாளே, குற்றமானால் என் தலையில் போடு என்று நானே உன் எதிரில் உட்கார்ந்து உப்பு என்று விரலைத் தேய்த்தேன். நீ வெகுநேரம் யோசித்துத்தான் சாடியை எடுத்து வந்தாய்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு கணக்கு நேராகவில்லை. கையால் பேசுவது பேச்சு என்றால், என் விரதம் ஒவ்வொரு சனிக்கிழமையும் உடைந்தது. அது பேச்சு இல்லை என்றால், என் பிள்ளை ஊமை. எந்தப் பக்கம் கூட்டினாலும் எனக்கு நஷ்டம். யாரிடமும் கேட்கவும் பயம். கேட்டால் தீர்ப்புச் சொல்லிவிடுவார்களே.

சித்தூர் உயர்நிலைப் பள்ளியில் காது கேளாத பிள்ளைகளுக்காகப் பின்பக்கம் ஓர் அறை ஒதுக்கியிருக்கிறார்கள் என்று உன்னைக் கொண்டுபோய் விட்டோம். வேலூர்ப் பக்கத்து வாத்தியார், நல்ல மனிதர், பாடுபட்டார். கண்ணாடி முன்னால் உட்கார வைத்து, உதட்டுக்கு எதிரில் காகிதத் துண்டைப் பிடித்து, மூச்சை எப்படி விட்டால் எந்த எழுத்து வரும் என்று சொல்லிக்கொடுத்தார். ஆனால் கை அசையக் கூடாது. கை பேசினால் நாக்கு சோம்பேறியாகிவிடும் என்பது அவர் எண்ணம். நீங்கள் எல்லாம் கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். ஒரு நாள் எங்களைக் கூப்பிட்டு அனுப்பினார். காகிதத்தைப் பிடித்தார். நீ மூச்சை இழுத்து, கழுத்து நரம்பு புடைக்க, 'அம்மா' என்றாய். உன் நைனா கதறிவிட்டார். "பேசிட்டான்டி! கெளம்பு, இந்த வாரமே மலைக்குப் போயி முடி குடுத்துட்டு வரலாம்." நானும் அழுதேன். எல்லோரும் சந்தோஷ அழுகை என்று நினைத்தார்கள். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அந்தக் குரல் பயமாக இருந்தது. குரலுக்காக இல்லை. நீ என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, காகிதத்தைப் பார்த்துச் சொன்னாய். காகிதம் சரியாக ஆடியதா என்று வாத்தியாரைப் பார்த்தாய். அப்புறம் தொடைக்கு அடியிலிருந்து ஒரு கையை உருவி, யாருக்கும் தெரியாமல், உப்பு என்று விரலைத் தேய்த்துக் காட்டினாய். விடுதிக் குழம்பில் உப்பு இல்லையாம். அதைத்தான் நீ என்னோடு பேசினாய். "ஒரு வார்த்த பேச்சா? இன்னும் வரட்டும்" என்று உன் நைனாவை அடக்கிவிட்டேன். வேண்டுதல் முடிந்துவிட்டது என்று ஒப்புக்கொண்டால் சனிக்கிழமைகளும் முடிந்துவிடுமே என்று எனக்குள்ளே ஒரு திருட்டுப் பயம்.

அப்புறம் ஆந்திரா தனி ராஜ்யமாயிற்று. அந்த வாத்தியார் மாற்றல் வாங்கிக்கொண்டு தன் பக்கம் போய்விட்டார். வந்தவர் தெலுங்கு வாத்தியார். தமிழ் உதட்டைப் படிக்கப் பழகிய உனக்குத் தெலுங்கு உதடு ஒன்றும் புரியவில்லை. பாவம், அவருக்கும் உன்னை என்ன செய்வதென்று தெரியவில்லை. லீவுக்கு வரும்போதெல்லாம் ஒரு சுற்று இளைத்து வந்தாய். படிப்பு அவ்வளவுதான் என்று இருந்தேன். ஒரு நாள் நான் சொல்லாமல் கொள்ளாமல் பள்ளிக்கூடத்துக்கு வந்தபோது, சைக்கிள் கொட்டகைக்குப் பின்னால் நீங்கள் வட்டமாக நின்றுகொண்டிருந்தீர்கள். குடிபாலாவிலிருந்து வந்த தமிழ் வீட்டுப் பிள்ளை, ரேணிகுண்டா ரயில்வேக்காரர் வீட்டுத் தெலுங்குப் பிள்ளை, நீ, இன்னும் சில பேர். சத்தமே இல்லை. கைகள் பறந்தன. திடீரென்று எல்லோரும் ஒன்றாகச் சிரித்தீர்கள். தெலுங்கு வாத்தியார் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், தடுக்கவில்லை. அங்கேதான் நீங்கள் ஒருவருக்கொருவர் பாடம் சொல்லிக்கொடுத்து எழுத்திலும் கணக்கிலும் கரையேறினீர்கள் என்று பிறகு தெரிந்தது. ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டுக் கைகளைக் கொண்டுவந்து போட்டு, எது நல்லதோ அதை எல்லோரும் எடுத்துக்கொண்டீர்களாம். உப்புக்கு என் விரல்தான் அங்கே நின்றது என்று நீ சொன்னபோது சந்தோஷப்பட்டேன். ஆனாலும் அந்த வட்டத்துக்கு வெளியே நின்றபோது, என் பிள்ளை எனக்குப் புரியாத ஊருக்குக் குடிபோய்விட்டான் என்றுதான் நினைத்தேன்.

இனி அந்த பஸ். அதை எழுதாமல் முடிக்க முடியாது. தமிழுக்கும் தெலுங்குக்கும் எல்லை எங்கே என்று கலாட்டா நடந்த வருஷம், புரட்டாசிக் கடைசிச் சனிக்கிழமை, நீயும் நானும் மட்டும் மலைக்குப் புறப்பட்டோம். புத்தூருக்கு முன்னால் ரோட்டில் வண்டியைக் குறுக்கே போட்டிருந்தார்கள். வாலிபப் பிள்ளைகள் தடியோடு ஏறினார்கள். எந்தப் பாஷைக்காரர்கள் என்று எழுத மாட்டேன். அந்தப் பக்கமும் அப்படித்தான் செய்தார்கள், இந்தப் பக்கமும் அப்படித்தான். ஆளுக்கு ஆள் தங்கள் பக்கத்துக்கு ஜே சொல்ல வேண்டும், சொன்னால்தான் பஸ் நகரும். முன் சீட்டில் வெற்றிலைக் கட்டோடு உட்கார்ந்திருந்த பெரியவர், "ஜே, ஜே. இந்தா, இன்னொரு ஜே கூட வெச்சிக்கோ நைனா. வெத்தல வாடிக்கினு கீது, பஸ்ஸ உடு" என்றார். எல்லோரும் சொன்னார்கள். நீ எனக்கு எதிர்வரிசையில் ஜன்னலோரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாய்.

"ஏய், உன்னத்தான். சொல்லுடா."

நீ திரும்பவில்லை. ஒருவன் உன் தாடையைப் பிடித்துத் திருப்பினான். நீ பள்ளிக்கூடத்தில் பழகியபடி அவன் உதட்டை உற்றுப் பார்த்தாய். தமிழில் கேட்டான், தெலுங்கில் கேட்டான். நீ உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தாய்.

"மொறைக்கிறான்டா. எறக்குங்கடா இவன."

தடி மேலே போயிற்று. விரதம் எனக்கு ஞாபகமே இல்லை, சேஷு. பெருமாளும் ஞாபகமில்லை. என் பிள்ளைக்குக் காது கேட்காதுடா என்று கத்த வாயைத் திறந்தேன். குரல் வரவில்லை. வெறும் காற்றுதான் வந்தது. பேசத் தெரிந்த வாய் அது, ஆனால் அந்த நேரத்தில் செத்துப் போயிற்று. என்னை அறியாமல் என் கை எழுந்தது. நெற்றியில் நாமம் கீறினேன். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிச் சேர்த்தேன். அவன் தோளுக்கு மேலாக நீ என்னைப் பார்த்தாய். அடுத்த நொடி, செம்பை ஏந்திப் போன சின்னப் பிள்ளையைப் போலவே, நாமம் கீறி, கையைத் தூக்கிக் கும்பிட்டாய். அவன் என்னைப் பார்த்தான், உன்னைப் பார்த்தான். பின்னால் நின்ற ஒருவன், "டேய், உட்றா. மௌன விரதம்டா. சனிக்கெழம, மலைக்குப் போறாங்க. பாவம் வரும்டா" என்றான். வெற்றிலைப் பெரியவர் அந்தச் சந்தில் புகுந்து, "கோவிந்தா!" என்று பெருங்குரல் எடுத்தார். பஸ் முழுக்க, "கோவிந்தா!" தடி வைத்திருந்தவனும் சொன்னான். சொல்லிக்கொண்டே இறங்கிப் போனான். அந்தப் பெயருக்கு மட்டும் எல்லை இல்லை.

வண்டி நகர்ந்ததும் நீ என்ன கேட்டாய் தெரியுமா? அவர்கள் அரிசி கேட்டார்களா என்று கேட்டாய். 

உன்னைத் திருப்பதிக்கு விட மாட்டேன் என்றதற்குக் காரணம் வேண்டுதல் பாக்கி என்று சொன்னேனே, அது பாதிதான். ரேணிகுண்டாவில் தண்டவாளத்தைத் தாண்டும்போது பின்னால் வரும் இன்ஜின், இருட்டில் கிணற்று மேடு, கூட்ட நாளில் மிதி, எல்லாவற்றுக்கும் பயப்படுகிறேன். எல்லாத் தாயும் பயப்படுவாள். ஆனால் தூங்கவிடாத பயம் ஒன்றுதான். அடுத்த முறை எவனாவது உன் தாடையைத் திருப்பும்போது, அவன் தோளுக்கு மேலே என் கை இருக்காது. எல்லை முடிவாகிவிட்டது, திருத்தணி தமிழ்ப் பக்கம், நாம் ஆந்திரப் பக்கம், இனிமேல் கலாட்டா இல்லை என்கிறார்கள். இருக்கலாம். வாய் திறந்து பேசாதவனைப் பார்த்தால் கோபப்படுகிறவர்கள் எல்லாப் பக்கமும் இருக்கிறார்கள்.

இதை எழுதிக்கொண்டு வரும்போதுதான் அந்தப் பழைய கணக்கு என் கண்ணில் நேராகிறது. பஸ்ஸில் என் வாய் செத்தபோது என் கை சொன்னது. காது கேளாத நீ கேட்டாய். பதிலும் சொன்னாய். ஒரு பஸ் முழுக்க அதை எடுத்துச் சொன்னது. இது பேச்சு இல்லை என்றால் வேறு எது பேச்சு? உன் அத்தை அன்று குத்திக்காட்டினாளே, கையால் பேசினாலும் பேச்சு பேச்சுதான் என்று, அவள் சொன்னதுதான் சரி. அப்படியானால் என் விரதம் உடைந்தது உண்மை. அதற்குத் தண்டனை உண்டென்றால் எனக்கு உண்டு, நான் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் நீ பேசியதும் உண்மை. காகிதம் ஆடிய அன்று இல்லை, உப்புச் சாடியை அணைத்துக்கொண்டு வந்தாயே, அன்று. வேண்டிக்கொண்ட முதல் புரட்டாசியிலேயே பெருமாள் கொடுத்துவிட்டார். வாங்கிக்கொண்டு, இன்னும் வரவில்லை, இன்னும் வரவில்லை என்று இத்தனை வருஷம் நான் எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அதனால் போ. இது ஆனி மாசம்தான். ஆனாலும் இந்தச் சனிக்கிழமை மூன்று பேரும் மலையேறி உன் முடியைக் கொடுத்துவிடலாம். கிராப்பு போய்விடுமே என்று உன் நைனாவிடம் முகம் சுளிக்காதே. மொட்டைத் தலை வாத்தியாரைப் பார்த்தால் பிள்ளைகளுக்குப் பயம் தெளியும். அங்கே ஹெட்மாஸ்டர் கையைத் தொடைக்கு அடியில் வைக்கச் சொன்னால் எதிர்த்துப் பேசாதே, ஆனால் செய்யாதே. உன் கையை வெளியே வை, பிள்ளைகள் உன்னைப் பார்த்து வைப்பார்கள். விடுதியில் ராத்திரி விளக்கை அணைக்க விடாதே. இருட்டில் அந்தப் பிள்ளைகளுக்குப் பேச்சே கிடையாது; ஜுரம் என்றாலும் சொல்ல முடியாது. எண்ணெய்ச் செலவு என்று யாராவது சொன்னால் உன் அம்மா அனுப்புவாள் என்று எழுதிக் காட்டு. உன் பெயரையும் ஊரையும் இரண்டு எழுத்திலும் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள், சட்டையைத் துவைக்கப் போடும்போது மறந்துவிடாதே. இதைப் படிக்கும் தாய்மார்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளையை விட்டுவிட்டு அழுதுகொண்டே ஓடிப்போகாதீர்கள். உங்கள் வீட்டில் தண்ணீருக்கு என்ன கை, பசிக்கு என்ன கை, அம்மாவுக்கு என்ன கை என்று என் பிள்ளையிடம் காட்டிவிட்டுப் போங்கள். அவன் பத்திரமாக வைத்துக்கொள்வான்.

பயம் அடங்கவில்லை, சேஷு. எழுதினால் அடங்கும் என்று நினைத்தது தப்பு. கூடத்திலிருந்து பெயிண்ட் வாசனை வருகிறது. கொஞ்ச நேரத்தில் வந்து இந்தக் காகிதத்தை உன் மடியில் வைப்பேன். திங்கட்கிழமை பஸ் ஏறும்போது பின் சீட்டில் உட்கார், பின் கண்ணாடிப் பக்கம் திரும்பி உட்கார். பிள்ளைகளை அனுப்ப வரும் மற்ற அம்மாக்கள் எல்லாம் பஸ் கிளம்பினதும் பின்னாலேயே ஓடிக் கத்துவார்கள். இன்ஜின் சத்தத்தில் ஒன்றும் கேட்காது, பாதியில் நின்றுவிடுவார்கள். நமக்கு அந்தக் கஷ்டம் இல்லை. ஏரிக்கரை திரும்புகிறவரை என் கை உனக்குத் தெரியும். அதுவரை பேசிக்கொண்டே இருப்பேன். நீயும் பேசிக்கொண்டே போ.